பெஞ்சும் ஒரு பயணச் சாமான்

பஸ் நிலையத்தின் கண்ணாடிக் கூண்டில் பத்தொன்பது வருஷமாக உட்கார்ந்து அறிவிப்புச் சொல்லும் அந்த அம்மாளை ஊரில் பாதிப் பேருக்குக் குரலாகத் தெரியும், முகமாகத் தெரியாது. அதனால் வரும் சங்கடங்கள் கொஞ்சமல்ல. மருந்துக்கடையில் போய் நின்று, "தலைவலி மாத்திரை ஒரு அட்டை" என்று கேட்டால், முன்னால் நிற்கிற மூன்று பேர் சட்டென்று பையைத் தூக்கித் தோளில் மாட்டிக்கொள்வார்கள். ஒரு தடவை ஒருத்தர் கடையை விட்டு ஓடியே போய்விட்டார்.

பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று இருக்கத்தான் செய்தது. அது சம்பளப் பட்டியலில் பத்திரமாக இருக்கிறது. மற்றபடி டிரைவர் முதல் மேலாளர் வரை எல்லாருக்கும் அவர் மைக் அக்கா.

தொழில் புத்தி வீட்டுக்கும் வந்துவிட்டது. எதையும் இரண்டு தடவை சொல்வார். "சாப்பாடு தயார். சாப்பாடு தயார்." அவர் கணவர் லிப்ட் மெக்கானிக். நாள் முழுக்க ஏறி இறங்கி வருகிற மனுஷன், நண்பர்களிடம் சொல்லிச் சிரிப்பார்: "எங்க வீட்டுல சண்டைகூட ரெண்டு தடவை நடக்கும். முதல் தடவை தகவலுக்கு, ரெண்டாவது தடவை கவனத்துக்கு."

பஸ்களுக்கு நடுவில் கிடைக்கும் இடைவெளியில் அக்கா முணுமுணுப்பாகப் பாடுவது வழக்கம். ஒரு நாள் மைக்கை அணைக்க மறந்துவிட்டார். கூண்டுக்கு நேர் எதிரே ஐந்தாம் நடைமேடையில் நீளமான மர பெஞ்சு ஒன்று. அதில் தினமும் சாயங்காலம் ஒருவர் வந்து செருப்பைக் கழற்றித் தலைமாட்டில் வைத்துப் படுப்பார். அவரைப் பார்த்துக்கொண்டே அக்கா பாடியது எட்டு நடைமேடையிலும் கேட்டது:

"போற பஸ்ஸு நூறு, வர்ற பஸ்ஸு நூறு,
போகாம இருக்கிறவர் யாரு, யாரு?"

மேலாளர் ஓடிவந்து மைக்கை அணைப்பதற்குள் ஒன்றும் குடிமுழுகிப் போகவில்லை. ஆனால் மறுநாள் எல்லா டிரைவரும் அதையே விசிலடித்துக்கொண்டு பஸ்ஸைப் பின்னால் எடுத்தார்கள்.

மூன்றாம் நாள் கூண்டு வாசலில் தையல்காரர் வந்து நின்றார். பக்கத்துத் தெருவில் உள்ள சமூகக் கூடத்தின் பாட்டுக் குழுவுக்கு அவர்தான் தலைவர், இயக்குநர், உடுப்புக்கும் பொறுப்பு.

"அக்கா, இது பாட்டு இல்ல. இது ஒரு நாடகத்தோட மொத வரி."

"அண்ணா, இது எனக்குப் பொழுது போகாம பாடினது."

"ஊருக்கும் பொழுது போகலக்கா. முழுசா எழுதிக் கொடுங்க. வீடில்லாதவங்களைப் பத்தி, மனுஷ இரக்கத்தைப் பத்தி. ஆரம்பத்துலேர்ந்து கடைசி வரைக்கும் பாட்டாவே."

ஒப்புக்கொள்ள மாட்டேன் என்று அக்கா இரண்டு தடவை சொன்னார். இரண்டாவது தடவை சொல்லும்போதே அடுத்த பாட்டுக்கு மெட்டு வந்துவிட்டது.

அப்படி அந்த இசை நாடகம் முழுவதும் இரண்டு பஸ்களுக்கு நடுவில் பிறந்தது. நிலையத்தில் மிக நீண்ட இடைவெளி பதினோரு நிமிஷம். அதனால் எந்தப் பாட்டும் அதற்கு மேல் நீளவில்லை. பார்வையாளர்கள் கால அட்டவணைக்குத்தான் நன்றி சொல்ல வேண்டும். ஏழு பாட்டு ஆயிற்று. கடைசிக் காட்சி மட்டும் வரவில்லை. வீடில்லாதவர் கடைசியில் எங்கே போகிறார் என்று அக்காவுக்கே தெரியவில்லை.

நடிகர்கள் சேர்ந்தார்கள். வீடில்லாதவராக நடிக்கத் தபால்காரர். ஊரில் எல்லார் விலாசத்தையும் தலைக்குள் வைத்திருக்கிறவர், விலாசமே இல்லாதவராக அழுது பாட வேண்டும். உருக்கமாகவே அழுதார். கதவைத் திறந்துவிடும் இரக்கமுள்ள சீமாட்டியாக அக்காவின் நாத்தனார். அவர் மூன்று உடுப்பு கேட்டார்.

"இரக்கப்படறதுக்கு எதுக்கும்மா மூணு உடுப்பு?" என்றார் அக்கா.

"என்ன அண்ணி இப்படிக் கேக்கறீங்க? இரக்கம் ஒவ்வொரு சீன்லயும் கூடிக்கிட்டே போகுதில்ல? உடுப்பும் கூடவே போக வேணாமா?"

தபால்காரருக்குக் கிழிந்த சட்டை வேண்டும். தையல்காரர் புதுச் சட்டையை எடுத்துத் தோளில் ஒன்று, முதுகில் இரண்டு என்று அளந்து கிழித்தார். பிறகு கை சும்மா இருக்கவில்லை. கிழிசலுக்கெல்லாம் அழகாக ஓரம் அடித்துக் கொடுத்துவிட்டார்.

பெரிய தலைவலி கூட்டுப் பாட்டுதான். பின்பாட்டுக்கு எட்டுப் பேர். ஒன்றாகத்தான் ஆரம்பிப்பார்கள். பிறகு அவரவர் வசதிப்படி வந்து சேருவார்கள். அந்த விஷயத்தில் அக்காவுக்கு அவர்கள் பஸ்களை நினைவூட்டினார்கள். நாடகத்துக்கு இன்னும் மூன்றே வாரம்.

அந்த நேரத்தில்தான் தையல்காரருக்கு யதார்த்தம் பிடித்தது. மேடையில் அட்டை பெஞ்சு கூடாதாம். அஞ்சாம் பிளாட்பாரத்து பெஞ்சே வேண்டுமாம். அக்கா மேலாளருக்கு விண்ணப்பம் எழுதினார். அந்த மேலாளர் கூண்டுக்கு ஒரு மின்விசிறி கேட்டதற்குப் பதில் சொல்ல நாலு மாதம் எடுத்துக்கொண்டவர். பெஞ்சு விண்ணப்பத்தில் அன்று மத்தியானமே கையெழுத்துப் போட்டார். சிரித்துக்கொண்டே போட்டார். "கலைக்கு எங்கள் காணிக்கை. திருப்பித் தர வேண்டியதில்லை" என்று கீழே எழுதியும் கொடுத்தார். மேலாளர் சிரித்துக்கொண்டே கையெழுத்துப் போட்டால் தாளைத் திருப்பிப் பார்க்க வேண்டும் என்பது ஊரறிந்த விஷயம். அக்கா பார்க்கவில்லை. கூடத்துக்குப் போய் மேலாளரின் தாராள மனசைப் புகழ்ந்தார், இரண்டு தடவை.

மறுநாள் காலையில் ஐந்தாம் நடைமேடையில் புத்தம் புது இரும்பு நாற்காலிகள் பளபளத்தன. ஒவ்வொரு இருக்கைக்கும் இரண்டு பக்கமும் கைப்பிடி. உட்காரலாம், சாயலாம். படுக்க மட்டும் முடியாது. அக்காவுக்கு அப்போதும் உறைக்கவில்லை. "பரவாயில்லையே, நல்லா இருக்கே" என்றுகூட நினைத்தார்.

உறைத்தது இரண்டு நாள் கழித்துச் சாயங்காலம், ஒத்திகையில். தபால்காரர் பெஞ்சில் நீட்டிப் படுத்து, ஓரம் அடித்த கிழிசலோடு, "எனக்கென்று ஓர் இடமில்லையே" என்று உருகிக்கொண்டிருந்தார். வாசல் மிதியடியில் யாரோ காலைத் துடைக்கும் சத்தம். எல்லாரும் திரும்பினார்கள். கையில் ஒரு பை, தோளில் ஒரு மடித்த போர்வை. அறுபதை நெருங்கும் மனுஷன். தோள் மட்டும் முப்பது வயசு மாதிரி அகலம்.

"மன்னிக்கணும். பெஞ்சு இங்க வந்திருக்குன்னு சொன்னாங்க."

தபால்காரர் எழுந்து உட்கார்ந்தார். இருந்த அத்தனை பேரிலும் நடிப்பு இல்லாமல் பேசியது வாசலில் வந்து நின்ற அந்த ஒருத்தர்தான்.

"உங்க பெஞ்சா ஐயா?" என்றார் தையல்காரர்.

"எனக்குப் பட்டா எல்லாம் கிடையாது. ரெண்டு வருஷமா படுக்கறேன், அவ்வளவுதான். புது நாற்காலில ரெண்டு ராத்திரி பாத்தேன். உக்காந்தே தூங்கறதுல கனவுகூட நிமிந்து உக்காந்துதான் வருது."

அக்கா மெதுவாக முன்னால் வந்தார். "ஐயா, நான்... அந்தப் பாட்டு..."

"ஓ, கூண்டம்மாவா! குரல் தெரியுதே!" பெஞ்சுக்காரர் முகம் மலர்ந்தது. "கேட்டேம்மா. மெட்டு அருமை. ஆனா ஒண்ணு கேக்கலாமா? நான் போகாம இருக்கேன்னு யார் சொன்னா? தினம் காலைல ஆறு மணி பஸ்ஸுல கிடங்குக்கு வேலைக்குப் போறேன், சாயங்காலம் வர்றேன். கண்ணாடிக்குள்ள நகராம உக்காந்திருக்கறது நீங்கதான்."

தையல்காரர் இருமலாகச் சிரிப்பை விழுங்கினார். நாத்தனார் விழுங்கவே இல்லை.

அக்காவுக்குக் காது சுட்டது. அவரைப் பற்றி ஏழு பாட்டு எழுதியாயிற்று. அவரிடம் பேசுவது இதுதான் முதல் தடவை. பெஞ்சையும் பறித்தாயிற்று, அதற்குத் தன் கையாலேயே விண்ணப்பமும் எழுதியாயிற்று.

"இங்கேயே படுத்துக்கட்டுமே" என்றார் நாத்தனார். எட்டு மணிக்குப் பூட்டிய பிறகு கூடத்தில் யாரும் இருக்கக் கூடாது என்று சுவரில் எழுதியிருந்ததைத் தையல்காரர் காட்டினார். மேடையில் அடுத்துப் பாட வேண்டிய பாட்டு "கதவு திறந்திருக்கு". அக்கா ஒரு மூச்சு எடுத்து, "எங்க வீட்டுக்கு வாங்க ஐயா" என்றார்.

"அதெல்லாம் வேணாம்மா. ஒரு பாட்டுக்காக உங்க வீட்டுல வந்து படுக்க முடியுமா? எனக்கு பெஞ்சு போதும். ஆறு மணி பஸ்ஸு கண்ணு முன்னால வந்து நிக்கும்."

அவர் மறுத்ததும் பின்பாட்டுக்காரர்கள் எட்டுப் பேரும் மூச்சு விட்டார்கள். அந்தக் குழு முதன்முதலாக ஒரே தாளத்தில் செய்த காரியம் அதுதான்.

மறுநாள் அக்கா கூண்டில் உட்கார்ந்து, மணிக்கொரு தடவை வாசிக்கும் அறிவிப்பை வாசித்தார். "பயணிகள் கவனத்துக்கு. காலைப் பஸ்ஸில் செல்வோர் தங்கள் உடைமைகளை இரவு எட்டு மணிக்குள் பதிவு செய்து, ஐந்தாம் நடைமேடையில் வைத்துக்கொள்ளலாம். காலை ஆறு மணிக்குள் எடுத்துச் செல்ல வேண்டும். உரியவர்கள் தங்கள் உடைமைகளை விட்டு அகல வேண்டாம்." பத்தொன்பது வருஷமாகச் சொன்னதை அன்றுதான் அவர் காது கொடுத்துக் கேட்டார். பிறகு விதிப் புத்தகத்தை எடுத்துப் புரட்டினார். உடைமையின் நீளம், எடை, வடிவம் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

அன்று சாயங்காலம் ஏழே முக்காலுக்குப் பின்பாட்டுக்காரர்கள் எட்டுப் பேரும் பெஞ்சைச் சுமந்துகொண்டு நிலையத்துக்குள் நுழைந்தார்கள். பெஞ்சு ஏழடி நீளம், கால்கள் வார்ப்பிரும்பு. மேலாளர் அறையிலிருந்து பாய்ந்து வந்தார்.

"என்னக்கா இது? பெஞ்சு எதுக்குத் திரும்ப வருது?"

"அன்னிக்கு வரைக்கும் உங்க பெஞ்சு சார். நீங்க கொடுத்துட்டீங்க. இப்ப இது ஒரு பயணியோட சாமான்."

"சாமானா? பயணி யாரு?"

பெஞ்சுக்காரர் சட்டைப் பையிலிருந்து ஆறு மணி பஸ்ஸின் வாராந்திரப் பாஸை எடுத்துக் காட்டினார். மேலாளர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"சரி, சாமானை வெச்சுட்டுப் போகச் சொல்லுங்க."

"எப்படி சார் போவாரு? உடைமையை விட்டு அகலக் கூடாதுன்னு நீங்கதானே எழுதிக் கொடுத்திருக்கீங்க. மணிக்கொரு தடவை நான் வாசிக்கறேன்."

சாமான் பதிவு செய்பவர் தலையைக் குனிந்துகொண்டு, நாற்பத்தொன்று என்று எழுதிய அட்டையை பெஞ்சின் காலில் கட்டினார். மேலாளர் விதிப் புத்தகத்தைக் கேட்டு வாங்கி, நின்றபடியே படித்தார். கடைசியில் முகம் தெளிந்தது. "எட்டு மணிக்கு ஒரு நிமிஷம் தாண்டினாலும் அட்டை ரத்து. ஒரு தடவை ரத்தானா மறுபடி கிடையாது. பாத்துக்கோங்க." இதையும் அவர் சிரித்துக்கொண்டே சொன்னார். இந்தத் தடவை அக்கா கவனித்தார்.

ஆக, தினமும் காலை ஆறு மணிக்கு பெஞ்சு கூடத்துக்கு வர வேண்டும், ஒத்திகை முடிந்து எட்டு மணிக்குள் நிலையத்துக்குப் போக வேண்டும். முதல் இரண்டு நாள் ஊரில் கால் கட்டைவிரல் வீங்காத பாடகரே இல்லை. ஒருவர் வேகமாகப் போனால் ஒருவர் நிற்பார், பெஞ்சு நடுவில் யார் காலிலாவது உட்காரும். மூன்றாம் நாள் பெஞ்சுக்காரருக்குப் பொறுக்கவில்லை.

"நிறுத்துங்க. முப்பது வருஷம் வீடு மாத்தறவங்களுக்குச் சாமான் தூக்கினவன் நான். பீரோ, கட்டில், பியானோ, எல்லாம் மூணு மாடி ஏத்தியிருக்கேன். இதை இப்படித் தூக்கறதைப் பாக்க முடியல."

"அப்ப நீங்களே சொல்லிக் கொடுங்களேன்" என்றார் குழுவில் பருமனான ஒருத்தர், கால் விரலைப் பிடித்துக்கொண்டே.

"சொல்லிக் கொடுக்க என்ன இருக்கு? பாட்டு தெரியுமில்ல? அதைப் பாடுங்க. இடது காலுக்கு ஒரு அடி, வலது காலுக்கு ஒரு அடி. மூச்சு எல்லாரும் ஒண்ணா வாங்கணும். தனியா வாங்கினவன் கால் போச்சு."

பாடினார்கள்.

"கதவு ரெண்டு, தாழ்ப்பாள் நாலு,
உள்ளே இருக்கிறது ஒரே ஒரு ஆளு."

பெஞ்சு ஆடாமல் போயிற்று. கூடத்திலிருந்து நிலையம் நானூற்றுப் பத்து அடி. பல்லவி, இரண்டு சரணம், மறுபடி பல்லவி, நிலையம் வந்துவிட்டது. அக்கா மாதக்கணக்கில் கையைத் தட்டித் தட்டிக் கொண்டுவர முடியாத தாளத்தைக் கட்டைவிரல் பயம் ஒரே வாரத்தில் கொண்டுவந்தது. தெருவாசிகள் ஜன்னலைத் திறந்தார்கள். ஒத்திகையில் பாட மறுத்த மேல்சுரத்தை, ஜன்னலில் ஆள் நின்றதும் பருமனானவர் தானாகவே எடுத்தார்.

ஒரு நாள் நடைமேடையில் பெஞ்சை இறக்கி வைத்த பிறகு தபால்காரர் கேட்டார்: "ஐயா, நீங்க வீட்டுக்கு எழுதிப் போடலையா? வீட்டு வசதி ஆபீஸ்ல குடுப்பாங்களே?"

"நான் இருந்த கட்டடத்தை இடிச்சப்பவே எழுதிப் போட்டேன் தம்பி. ரெண்டு தடவை. பதிலே வரல."

"என்ன விலாசம் போட்டீங்க?"

"இருந்த இடத்தைத்தான். மர பெஞ்சு, பஸ் நிலையம்னு."

தபால்காரர் தரையைப் பார்த்துச் சொன்னார்: "ரெண்டு கடிதம் வந்துச்சு. 'விலாசம் போதாது'ன்னு முத்திரை குத்தித் திருப்பி அனுப்பினது நான்தான்."

பெஞ்சுக்காரர் அவரை ஏற இறங்கப் பார்த்தார். "அதான் அவ்வளவு உருக்கமா அழறியா?"

வீடு கேட்பவர் வீட்டு விலாசம் தர வேண்டும் என்பது உலகம் முழுக்க உள்ள நியாயம். பசிக்கிறது என்றால் நேற்றுச் சாப்பிட்ட ரசீது கேட்பது மாதிரி. தபால்காரர் அன்றே புது விண்ணப்பம் எழுதினார். விலாசம் என்ற கட்டத்தில் கொட்டை எழுத்தில்: உடைமை எண் 41, ஐந்தாம் நடைமேடை. "இது போதும். எங்கேர்ந்து வந்தாலும் இதைக் கொண்டுவந்து சேர்க்கறது என் பாடு. ஆனா அட்டை ரத்தாகாம பாத்துக்கணும். ரத்தானா விலாசமும் போச்சு" என்றார்.

நாடக நாள் வந்தது. கூடம் நிரம்பி வழிந்தது. அக்கா ஓர் ஓரத்தில் ஆர்மோனியத்தோடு. ஆறு மணிக்கு ஆரம்பித்து ஏழரைக்கு முடித்து, முக்காலுக்கு பெஞ்சை எடுத்துவிடலாம் என்பது கணக்கு. சிறப்பு விருந்தினர் ஒருவர் வந்திருந்தார். அவர் மனித இரக்கத்தைப் பற்றி நாற்பது நிமிஷம் பேசினார். இரக்கம் இல்லாத பேச்சு.

ஏழு நாற்பத்தைந்துக்கு இன்னும் சீமாட்டியின் மூன்றாவது உடுப்பே வரவில்லை. அக்காவின் விரல் ஆர்மோனியக் கட்டையில், கண் சுவர்க் கடிகாரத்தில். கடைசிக் காட்சி என்று ஒப்புக்கு ஒன்றை எழுதியிருந்தார்: எல்லாரும் வரிசையாக நின்று கைகோர்ப்பார்கள். அதற்கு இருபது நிமிஷம் ஆகும். திரைக்குப் பக்கத்தில் பெஞ்சுக்காரர் நின்றிருந்தார். பையையும் போர்வையையும் எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டார்.

அக்கா ஆர்மோனியத்தை மூடினார். எழுந்து நின்றார். பத்தொன்பது வருஷத்துக் குரல் கூரையைத் தொட்டது.

"பயணிகள் கவனத்துக்கு! உடைமை எண் நாற்பத்தொன்று புறப்படத் தயாராக உள்ளது. உடைமை எண் நாற்பத்தொன்று புறப்படத் தயாராக உள்ளது."

பழக்க தோஷத்தில் முன்வரிசையில் பாதிப் பேர் எழுந்து நின்றுவிட்டார்கள். பெஞ்சில் படுத்திருந்த தபால்காரர் உருண்டு இறங்கினார். எட்டுப் பேர் குனிந்தார்கள். "மூச்சு!" என்று பெஞ்சுக்காரர் ஓரத்திலிருந்து குரல் கொடுத்தார். பெஞ்சு எழுந்தது. மேடைப் படி இறங்கி, நாற்காலிகளுக்கு நடுவே, வாசலைத் தாண்டித் தெருவுக்கு. "கதவு ரெண்டு, தாழ்ப்பாள் நாலு." சீமாட்டி இரண்டாவது உடுப்போடே ஓடிவந்தார். இதுதான் கடைசிக் காட்சி என்று நினைத்துக் கூட்டமும் பின்னால் வந்தது. அற்புதமான முடிவு என்று யாரோ சொன்னது அக்கா காதில் விழுந்தது. மறுக்க நேரமில்லை.

நிலைய வாசலில் மேலாளர் கடிகாரத்தைப் பார்த்தபடி நின்றிருந்தார். பெஞ்சு வந்தபோது எட்டுக்கு இரண்டு நிமிஷம். அதன் பின்னால் முந்நூறு பேர்.

"இவங்கள்லாம் யாரு?"

"வழியனுப்ப வந்தவங்க சார்" என்றார் அக்கா மூச்சிரைக்க.

மேலாளர் பாட்டு முடியும்வரை நின்றார். சுற்றிலும் முந்நூறு பேர் கைதட்டும்போது ஒருத்தர் மட்டும் கையைக் கட்டிக்கொண்டு நிற்பது சிரமம். அவரும் தட்டினார். அட்டையில் கையெழுத்தும் போட்டார். சிறப்பு விருந்தினர் மட்டும் கூடத்தில் தனியாக உட்கார்ந்து, அடுத்த காட்சிக்காக வெகுநேரம் காத்திருந்ததாகக் கேள்வி.

நாடகம் முடிந்தும் தூக்குவது முடியவில்லை. மறுநாளிலிருந்து பெஞ்சு தூக்க ஆள் சேர்ந்தது. வீட்டுக் கதவைத் திறக்காத பலர் பெஞ்சுக்குத் தோள் கொடுக்க வந்தார்கள். தெருவெல்லாம் பார்க்குமே! தையல்காரர் முறைப் பட்டியல் போட்டார். ஐந்தாவது வாரம் தபால்காரர் நடைமேடையில் வந்து நின்று, "உடைமை எண் நாற்பத்தொன்று?" என்று உரக்கக் கூப்பிட்டு, ஒரு நீளக் கவரைக் கொடுத்தார். ஊரின் மறுகோடியில் ஓர் அறை. மூன்றாவது மாடி.

குடிபோகிற அன்று எட்டுப் பேரும் வந்தார்கள். அக்கா, கணவரையும் கூட்டிவந்திருந்தார். அந்தக் கட்டடத்து லிப்டைப் பார்த்துக்கொள்பவர் அவர்தான். கதவைத் திறந்து, உள்ளே அளந்து பார்த்து உதட்டைப் பிதுக்கினார்.

"நாலடிதான் இருக்கு. பெஞ்சு ஏழடி."

அக்கா பெஞ்சுக்காரரிடம் திரும்பினார். "ஐயா, மேல கட்டில் போட்டுக் கொடுத்திருக்காங்க. மெத்தைகூட இருக்கு. இதை இங்கேயே விட்டுடலாமே?"

பெஞ்சுக்காரர் காலில் கட்டியிருந்த அட்டையை ஒரு தடவை தட்டிவிட்டு, பெஞ்சின் முன்பக்கம் போய்க் குனிந்தார்.

"உடைமையை விட்டு அகலாதேன்னு சொன்னது நீங்கதானேம்மா? அதுவும் ரெண்டு தடவை. எல்லாரும் மூச்சு வாங்குங்க, படி வருது."